இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து கண்ணடிச்சா

போன மாசம் திண்டுக்கல்ல ஒரு விசேஷத்த முடிச்சுட்டு ராத்திரி ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியா திருப்பூர் திரும்பிட்டு இருந்தோம். கிளம்புறப்பவே லெஃப்ட் ஹெட்லைட் கொஞ்சம் மஞ்சளா மங்கலா இருந்துச்சு, ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்குனா ஒரு துடி துடிச்சு நிக்குது, சரி பல்பு போகப்போகுது போலன்னு விட்டுட்டேன். தாராபுரம் தாண்டி ஒரு டீக்கடையில ஓரங்கட்ட லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டேன் பாருங்க, ஹெட்லைட்டும் டிக் டிக்குன்னு அதே தாளத்துல மங்கி மங்கி எரியுது. வீட்டுக்காரம்மா "ஏனுங்க, அந்த லைட்டும் சேர்ந்து கண்ணடிக்குது"ன்னாங்க. அப்ப சிரிச்சுட்டோம், ஆனா நோயோட பேரையே அவங்க சொல்லிட்டாங்கன்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

மறுநாள் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட காமிச்சேன். பானட்ட கூட தூக்கல, "டைனமோ வீக்காயிருச்சு, மாத்திரலாம்"னுட்டாரு. இன்ஜின் ஓடுறப்ப கரண்டு குடுத்து பேட்டரிய சார்ஜ் பண்றது தான் டைனமோ. டைனமோ வீக்குன்னா ரெண்டு லைட்டும்ல ஆடணும், ஒண்ணு மட்டும் எப்படி ஆடும்? வாயில வரைக்கும் வந்துச்சு, கேக்கல, வண்டிய திருப்பிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பானட்ட தொறந்தாச்சு. பேட்டரியில மல்டிமீட்டர் வச்சா இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட், ஸ்டார்ட் பண்ணி லைட்டு போட்டதுக்கப்புறமும் 14.1. டைனமோ பாவம், ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அடுத்து ரெண்டு பக்க எச்4 பல்பையும் (லோ பீம், ஹை பீம் ரெண்டும் ஒரே பல்புல இருக்குற வகை) மாத்தி மாத்தி போட்டேன் (கண்ணாடிய கையால தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட எடத்துல சூடேறி பல்பு சீக்கிரம் போயிரும், துணிய வச்சு புடிங்க). கோளாறு பல்போட கூடவே ரைட்டுக்கு போகல, லெஃப்ட்லயே குத்த வச்சு உக்காந்திருக்கு. ஆக பல்பு இல்ல. பல்புக்கு பின்னாடி ஒயரோட வந்து சொருகுற கப்ளர ஆட்டி பாத்தேன், லேசா பழுப்பேறி இருந்தாலும் பின் எல்லாம் டைட்டாத்தான் இருந்துச்சு.

மிச்சம் எர்த் தான், அதாவது பல்புல இருந்து வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்கு கரண்டு திரும்புற பாதை. இங்கதான் நான் ஒரு மணி நேரம் ஏமாந்தேன். மீட்டர கன்டின்யூட்டியில (ஒயர் தொடர்பு இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்) வச்சு கப்ளரோட எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் குடுத்தா பீப்புன்னு ஜோரா கத்துது, சரி எர்த் நல்லாருக்குன்னு நம்பி ஹெட்லைட் சுவிட்ச், ரிலேன்னு வேற எங்கயோ நோண்டிட்டு இருந்தேன். அந்த பீப் சத்தத்த நம்பவே கூடாதுங்க. மீட்டர் அனுப்புறது துளியூண்டு கரண்டு, துருப்பிடிச்ச ஜாயின்ட் வழியா கூட அது சுலபமா போயிரும். லோ பீம் பல்பு 55 வாட், அதுக்கு நாலரை ஆம்பியர் கிட்ட வேணும், அத்தன கரண்டு போறப்பத்தான் ஜாயின்ட்டோட லட்சணம் தெரியும்.

அதனால லைட்டு எரியுறப்பவே அளக்கணும். மீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை கப்ளரோட பின்பக்கமா எர்த் ஒயர்ல. திரும்புற வழியில எத்தன வோல்ட் வீணாகுதுன்னு இது காட்டும்; நல்ல எர்த்துன்னா 0.1, மிஞ்சிப்போனா 0.2 தான். எனக்கு 1.8! இண்டிகேட்டர் போட்டேன், அது எரியுறப்பல்லாம் 2.5க்கு ஏறுது, அணைஞ்சா 1.8க்கு இறங்குது. பார்க்கவே அழகா இருந்துச்சு. லெஃப்ட் முன்பக்க இண்டிகேட்டர் 21 வாட் பல்பும் ஹெட்லைட்டும் ஒரே எர்த் போல்ட்ல வந்து சேருது, ஒரே ஒத்தையடிப்பாதையில ரெண்டு பேரும் நுழைஞ்சா நெரிசல் ஆகத்தானே செய்யும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் 30 சதவீதம் போல விழுந்துரும், அந்த மஞ்சளுக்கும் காரணம் இதேதான்.

சந்தேகத்த தீத்துக்க பேட்டரி நெகட்டிவ்ல இருந்து தனியா ஒரு ஒயர் இழுத்து கப்ளர் எர்த்ல தொட்டேன், லைட்டு பளிச்சுன்னு நின்னுச்சு, இண்டிகேட்டருக்கு அசையவே இல்ல. ஒண்ணு கவனிங்க, சில வண்டியில கப்ளரோட மூணு பின்ல லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் பொதுவா இருக்குறது எர்த் இல்ல, பாசிட்டிவ், சுவிட்ச் வேலை நெகட்டிவ் பக்கம் நடக்கும். உங்க வண்டியில எதுன்னு பாக்காம ஒயர கொண்டு போய் தொட்டா ஃபியூஸ் போயிரும்.

போல்ட்ட கண்டுபிடிக்கத்தான் முதுகு ஒடிஞ்சுது. லைட்டுக்கு பின்னாடி, பம்பர் ஓரமா கீழ, சேறு அப்பி ஒளிஞ்சிருக்கு. பேட்டரி நெகட்டிவ கழட்டி வச்சுட்டு 10 நம்பர் ஸ்பேனர் போட்டேன், முக்கி முனகித்தான் வந்துச்சு. உள்ள ஒயர் முனையில பச்சையா பூத்துப்போயி, பாதி இழை கையில தூளா வருது. பாடி தகரம் பளபளன்னு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சேன், கெட்டுப்போன ஒயர வெட்டிட்டு புது லக் (போல்ட்ல மாட்டுற வளைய முனை) வச்சு நசுக்கி கிரிம்ப் பண்ணி, போல்ட்ட முறுக்கினேன், மேல வாசலின் தடவுனேன். வாசலின முறுக்குறதுக்கு முன்னாடியே நடுவுல அப்பாதீங்க, உலோகமும் உலோகமும் ஒட்டுனதுக்கு அப்புறம் தண்ணி போகாம மூடத்தான் அது. திரும்ப அளந்தா 0.05.

இதெல்லாம் ஒரு பக்கம் மட்டும் ஆடுறவங்களுக்கு. ரெண்டும் சேர்ந்து ஆடுனா பேட்டரி டெர்மினல்ல இருந்து ஆரம்பிங்க, இன்ஜின் ஓடுறப்ப மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு பேட்டரிய அளந்து பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா டைனமோவுக்குள்ள ஏசி கரண்ட டிசியா மாத்துற டயோடு போயிருக்க வாய்ப்பு இருக்கு. எல்இடி பல்பு மாத்துனதுக்கு அப்புறம் ஆடுதுன்னா முதல்ல பழைய ஹாலஜன திரும்ப மாட்டி பாத்துட்டு அப்புறம் ஒயர நோண்டுங்க.

ஒரு லக்கும் உப்புத்தாளும் தான் செலவு. ரைட் பக்கத்தையும் சும்மா அளந்தேன், 0.3 காட்டுது. அந்த போல்ட் பேட்டரி தட்டுக்கு அடியில இருக்கு, தட்டையே கழட்டணும், அது அடுத்த ஞாயிறு.