மூன்று மணி இருமல்

விடியப்புறம் மூன்று மணிக்கு என் தலைக்கு மேலே 'டொக் டொக்' என்று சத்தம். மேல்வீட்டு ஆள் தரையில் எதையோ வைத்து இடிக்கிறார் என்று விளங்கவே கொஞ்ச நேரம் போய்விட்டது. என் இருமலுக்குத்தான் அந்த இடி. தலையணைக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு இருமினேன். அப்படி இருமினால் கண்ணால் தண்ணீர்தான் வரும், இருமல் போகாது.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இது என் முதல் பனிக்காலம். தடிமன் நாலு நாளில் போய்விட்டது. இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டது. பகலில் பெரிதாகத் தொந்தரவில்லை. படுத்தால்தான் மூக்குச் சளி தொண்டைக்கு வடிந்து கிச்சுக்கிச்சு மூட்டும். போதாததற்கு ஹீற்றர் காற்று அறையை அப்பளம் மாதிரிக் காயவைக்கும். வேலை முடிந்து வரும்போது சப்வேயில் நித்திரையாகிவிடுவேன். கெனடி ஸ்டேசன் கடைசித் தரிப்பாக இருந்ததால் தப்பினேன்.

ஊரில் ராவில் ஒருவர் இருமினால், இருட்டுக்குள்ளிருந்து அம்மம்மா "ஆரது இருமுறது?" என்பா. அவ்வளவுதான், வீடே எழும்பிவிடும். குசினியில் லைற் எரியும். மல்லியும் வேர்க்கொம்பும் அவியும் மணம் வரும். ஐயா சித்தாலேபப் போத்தலோடு வந்து நெஞ்சில் சூடுபறக்கத் தேய்ப்பார். "பனிக்குள்ள திரியாதை எண்டு எத்தனை தரம் சொன்னனான்" என்ற ஏச்சும் கூடவே வரும். மார்கழி விடியலில் முற்றத்துப் புல்லில் கிடந்த ஈரத்தைத்தான் நாங்கள் அப்போது பனி என்றோம். இப்போது நான் பனியைச் சவளால் அள்ளி எறிந்து வழி வெட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். தலைக்குத் தொப்பி போட்டனியா என்று கேட்கத்தான் ஆளில்லை.

மூன்றாம் கிழமை கிளினிக்குக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் காவல். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வைரஸ் தடிமனுக்குப் பிறகு இப்படி 8 கிழமை வரைக்கும் இருமல் இழுபடலாம், அன்ரிபயோற்றிக் இதற்குக் கேட்காது என்றார். மூச்சு முட்டினால், இரத்தம் வந்தால், காய்ச்சல் விடாமல் காய்ந்தால் உடனே வரட்டாம். 8 கிழமை தாண்டினாலும் வரட்டாம். அதுவரை படுக்கமுன் தேன் குடிக்கட்டாம். இதைச் சொல்ல அம்மம்மா என்னை ஒருநாளும் வரிசையில் இருத்தியதில்லை.

சரி, இந்த ஊர் முறைக்கு வந்துவிடுவோம் என்று அறையை ஈரப்படுத்தும் மெசின் ஒன்று வாங்கி வைத்தேன். தலைமாட்டுக்கு இரண்டு தலையணை. நானும் கனேடியன் ஆகிவிட்டேன் என்று படுத்தால், அது விடும் ஆவியைப் பார்த்ததும் போர்வைக்குள் தலையை விட்டு நொச்சி இலையில் ஆவி பிடித்ததுதான் ஞாபகம். திரும்பவும் நித்திரை இல்லை.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். இங்கே மூன்று மணி என்றால் அங்கே பகல் ஒன்றரை. பின்னால் காகம் கத்திக் கேட்டது.

"எங்க, இருமு பாப்பம்."

இருமினேன்.

"வறட்டு இருமல். வேலிக்கரை ஆடாதோடையில நாலு இலை பிடுங்கி அவிச்சுக் குடி."

வேலியே பனிக்குள் புதைந்து கிடக்கிறது என்று சொன்னால் அவவுக்கு விளங்காது. ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை அடியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செய்தார்கள் என்று பிறகு வாசித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊரைப் பிடிக்க ஏலாது.

அதன்பிறகு தினமும் மூன்று மணிக்கு அழைப்பு. இருமிக் காட்டுவேன், அவ தீர்ப்புச் சொல்லுவா, பிறகு கிணறு, மாடு, கலியாணவீடு என்று கதை நாலு மணிவரை போகும். மேல்வீட்டு ஆளும் இடிக்காமல் விட்டுவிட்டார். பழகியிருப்பார்.

ஆறாம் கிழமை இருமல் நின்றுவிட்டது. மூன்று மணிக்கு முழிப்பு மட்டும் வந்தது. அடித்தேன்.

"என்ன, சத்தத்தைக் காணேல்ல?"

"சுகமாயிட்டுதம்மா."

"பொய் சொல்லாதை. எங்க, ஒருக்கா இருமிக் காட்டு."

மெதுவாக இருமினேன். கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.