புளிச்சக்கைக் கிண்ணம்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குத் திடீர் மரியாதை. காபி குடித்த தம்ளரை இவரே கழுவி வைக்கிறார். சமையலறை வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார். மாடி வீட்டு மாமிக்குச் சந்தேகம் வந்து, இவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லாம் புளிச்சக்கையால் வந்தது.

முதலில் இவர் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தவரை இரும்பைக் கடைந்தார், ஓய்வு பெற்ற மறுவாரமே மரத்தைக் கடைய ஆரம்பித்தார். பெங்களூர் அல்சூரில் ஸ்கூட்டர் நிறுத்த ஒரு முழ இடத்துக்கு அவனவன் அடித்துக்கொள்கிறான். நாங்களோ ஸ்கூட்டரைத் தெருவில் விட்டுவிட்டு, அது நின்ற இடத்தில், கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் கடைசல் இயந்திரத்தை வைத்திருக்கிறோம். மரச்சுருள் பறக்காத பண்டம் வீட்டில் கிடையாது. ஒருமுறை இட்லியில் ஒரு சுருள் வந்தது. நான் கோபப்படுவதற்குள் இவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, "அறுபடாமல் எவ்வளவு நீளம் வந்திருக்கிறது பார், உளி நல்ல கூர்" என்றார்.

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் கோடை மழை அடித்தால் மற்ற வீடுகளில் மெழுகுவர்த்தி தேடுவார்கள். இவர் டார்ச்சும் ரம்பமும் எடுத்துக்கொண்டு, எந்தத் தெருவில் எது விழுந்தது என்று பார்க்கக் கிளம்பிவிடுவார். தூங்குமூஞ்சி, குல்மொஹர், ஜகரண்டா, சில்வர் ஓக் என்று இந்த ஊரில் விழுவதற்கா மரமில்லை? மாநகராட்சி ஆட்கள் வருவதற்கு முன் போய் நின்றுவிட வேண்டும். போன வருடம் காக்ஸ் டவுனில் புது கார் ஒன்றின் மேல் ஜகரண்டா சாய்ந்து கிடந்தது. கார்க்காரர் நடைபாதையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இவர் அவர் தோளைத் தொட்டு, மிகுந்த அனுதாபத்துடன், "அந்தக் கவட்டைப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கிளை பிரிகிற இடத்தில்தான் ரேகை அழகாக ஓடுமாம். அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்தது என் தாலி பாக்கியம்.

வந்த மரத்தை உடனே பயன்படுத்திவிடலாமா என்றால் அதுவும் இல்லை. பச்சை மரம் காயும்போது பிளக்கும். அதனால் அறுத்த முனைகளில் மெழுகு பூச வேண்டும். பிறகு கிண்ணமாகத் தடிமனாகக் கடைந்து வைக்க வேண்டும். பத்து அங்குலக் கிண்ணத்துக்குச் சுவர் ஒரு அங்குலம் என்பது கணக்கு. அதை அதன் சுருளோடேயே காகிதப் பையில் போட்டுக் கட்டி, மாதக்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்ததும் வட்டம் முட்டைவடிவமாகக் கோணிக்கொள்ளும், மறுபடியும் கடைய வேண்டும். இந்த மாதக்கணக்கு முழுவதும் கழிவது எங்கள் கட்டிலுக்கடியில். பெரியவள் பிரசவத்துக்கு வந்தபோது பெட்டி வைக்க இடமில்லாமல் பூஜை அறையில் வைத்தாள்.

இதே பித்துப் பிடித்த சிலர் ஊரெங்கும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அவரவர் கடைந்ததில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொள்வார்கள். காசு பேச்சே கிடையாது, அதை எடுத்தால் கௌரவக் குறைச்சல். ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் ஒருவர்கூட அதன் உள்ளே பார்ப்பதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தைச் சோதிப்பதுபோல, வாங்கிய கையோடு கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். இயந்திரம் கவ்விப் பிடித்த தடம் அடியில் தெரியாமல் நேர்த்தியாக முடித்திருக்கிறானா என்பதில்தான் ஆளின் தரம் இருக்கிறதாம்.

ஒருமுறை ஒருவர் பொடிச் சிமிழ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், சந்தனம் கமகமவென்று மணந்தது. அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்களாம். கர்நாடகத்தில் 2001 வரை நம் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த சந்தன மரம்கூட அரசாங்கத்துடையது. சட்டம் மாறி இத்தனை வருடமாகியும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தன வாசம் என்றால் முதலில் போலீஸ்தான் நினைவுக்கு வரும்.

சரி, இப்படி மாற்றி மாற்றி எங்கள் வீட்டில் சேர்ந்தவை என்ன? தண்ணீர் ஊற்றக்கூடாத பூச்சாடி. இரண்டு பேர் இழுத்தால் மட்டும் திறக்கும் மூடி கொண்ட டப்பா. காம்பில் மூன்று வளையம் மாட்டிய கோப்பை. ஒரே கட்டையிலிருந்து கடைந்ததால் வளையம் கழலவே கழலாது என்று வருகிறவர்களிடமெல்லாம் ஆட்டிக் காட்டுகிறார். எதிலும் சூடாக எதுவும் போடக்கூடாது, ஊறவைக்கக்கூடாது, வெயில் படக்கூடாது. கண்ணாடி அலமாரி நிரம்பி வழிகிறது, சமையலறைக்கு ஒரு துரும்பு வந்ததில்லை.

நான் கேட்டதெல்லாம் ஒரு பூரிக்கட்டை. பழையது நடுவில் விரிந்து மாவைக் கவ்வுகிறது. "பூரிக்கட்டையா? அது கற்றுக்கொள்கிறவன் முதல் நாள் செய்வது" என்றார். அப்படியானால் ஒரு அரைநாள் கற்றுக்கொள்ளுங்களேன் என்றேன். பதிலில்லை. எனக்குக் கடைசல் சாமான் பிடிக்காது என்று இவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். என் பாட்டி வீடு அம்பாசமுத்திரம். அரக்குச் சாயம் போட்ட மரக் கடைசல் செப்புச் சாமானில் மண் சோறு பொங்கி வளர்ந்தவள் நான். அந்தச் செப்பில் குட்டிப் பூரிக்கட்டையும் இருந்தது, அது உருளவும் செய்தது!

இந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். கேசரி கிளறி, வடைக்கு அரைத்து வைத்தேன். காக்ஸ் டவுன் தாத்தா, ஒயிட்ஃபீல்டு பெண், ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார் என்று வழக்கமான கூட்டம். இந்த முறை சன்னபட்டணாவிலிருந்து ஒரு பாயும் வந்திருந்தார். பொம்மை கடைகிற பரம்பரை. மத்தூர் வடைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "அம்மா, உங்கள் வடைக்குப் போட்டியாக இல்லை" என்றார். அந்தக் கூடத்தில் நாகரிகம் தெரிந்த ஒரே மனிதர்.

வடை தின்ற கையைக் கழுவத் தாத்தா பின்கட்டுக்குப் போனார். போனவர் வரவில்லை. வயதானவர், வழுக்கிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தால், என் புளிச்சக்கைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறார். சக்கையைக் கொட்டிக் கழுவியிருக்கிறார். முழங்கை வரை கறுப்புத் தண்ணீர் வழிகிறது.

அது இவர் கருவேல மரத்தில் கடைந்து, விளிம்பில் விரிசல் விட்டதால் விறகுக் கூடையில் எறிந்தது. நான் எடுத்துத் தொட்டி ஓரத்தில் வைத்து, கரைத்த புளியின் சக்கையைப் பாத்திரம் தேய்க்கப் போட்டுவைத்தேன். மேலே இரும்பு நார். எவர்சில்வர் நார் இல்லை, சிவாஜி நகரில் கட்டாக விற்பார்களே, ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், அது. ஒரு வருடம் இருக்கும். கிண்ணம் கறுத்துப்போனது எனக்கும் தெரியும். அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

கூடம் எழுந்து நின்றது. கவிழ்த்தார்கள், நிமிர்த்தினார்கள், மறுபடி கவிழ்த்தார்கள். எரித்துக் கறுப்பாக்கியது என்றார் ஒருவர். இல்லை, எரித்தால் ரேகை இப்படித் தெரியாது என்றார் இன்னொருவர். ஒயிட்ஃபீல்டு பெண் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தாள். விரிசலை மறைக்காமல் விட்டதில் ஒரு துணிச்சல் இருக்கிறது என்று ஒரு குரல். இவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"நான் கடைந்ததுதான்."

"இந்த நிறம்?"

"அது... ஒரு முறை இருக்கிறது."

நான் வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "புளிச்சக்கையும் இரும்பு நாரும்" என்றேன்.

வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். கருவேல மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம், அதனால்தான் அதன் பட்டையில் தோல் பதனிடுகிறார்கள். புளிப்பில் இரும்பு கரைந்து, துவர்ப்போடு சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வித்தைதானாம். இவர்கள் எல்லாரும் வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்து, தூரிகையால் பூசிப் பூசிப் பார்த்தும் மேலாகத்தான் பிடித்திருக்கிறது. இந்த ஆழம் வரவே இல்லையாம். எப்படி வரும்? ஒரு வருடம் தினமும் ரசம் வைத்தார்களா இவர்கள்?

தாத்தா உடனே பேரத்தில் இறங்கினார். இவர் வாயைத் திறப்பதற்குள், "கிண்ணம் என்னுடையது. எறிந்த பொருள் எடுத்தவருக்கு" என்றேன். யாரும் மறுக்கவில்லை. ஈட்டி மரக் கோப்பை தருகிறேன் என்றார் தாத்தா. மூடி போட்ட ஜாடி என்றாள் அந்தப் பெண். "எனக்குப் பூரிக்கட்டை வேண்டும்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை கலைஞர்களிடமும் ஒரு பூரிக்கட்டை இல்லை.

பாய் சிரித்துக்கொண்டே எழுந்து தன் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். அங்கே ஆலே மரம் என்பார்கள், நம் ஊர் வெட்பாலை; பால் வெள்ளை. இயந்திரத்தில் மாட்டினார். நான் அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் நடுவில் லேசாகப் பருத்து, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு கட்டை தயார். சுற்றுகிற கைப்பிடியில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்தினார். உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொண்டது. ஒரு தாழை ஓலைத் துண்டை வைத்துத் தேய்த்தார், பளபளவென்று வந்துவிட்டது. "நடுவில் சாயம் வேண்டாம் அம்மா, சூட்டுக்கு அரக்கு இளகும், மாவில் ஒட்டும்" என்றார். சமைக்கிறவளுக்காக யோசித்துக் கடைந்த ஒரு பொருளை இந்த வீட்டில் நான் முதன்முதலாகக் கையில் வாங்கினேன்.

கிண்ணம் பாய்க்குப் போனது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாய் டீ குடித்தார். அதற்குள் தாத்தா தாங்க முடியாமல் தன் இங்கிலாந்து உளியை நீட்டிவிட்டார். பாய் உளியின் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டார். ஒரு டீ நேரத்து வேலைக்கு ஒரு சீமை உளி! நன்றாக வேண்டும் இவர்களுக்கு. இதே ஆட்கள் மைசூர் ரோட்டில் வண்டியை நிறுத்தி, பாய் போன்றவர்கள் கடைந்த பம்பரத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்பார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பொம்மை, பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தூரத்தில் செய்வது, அங்கே போனால் கண்ணுக்குத் தெரியாது. என் சக்கைக் கிண்ணம் தெரிகிறது.

இப்போது எங்கள் தொட்டியடியில் யார் யாருடைய கிண்ணங்களோ வரிசையாக இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டு பெண் வேங்கையில் ஒன்று அனுப்பி, "ஆன்ட்டி, உங்கள் கரைசலில் வைத்துத் தர முடியுமா?" என்று போன் செய்தாள். ஒரு மத்து ஆகும் என்றேன், சரி என்றாள். தாத்தாவிடம் அஞ்சறைப்பெட்டி சொல்லியிருக்கிறேன். மூடி ஒற்றைக் கையால் திறக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன்.

இவருக்குத்தான் சக்கை போதவில்லை. புளி சேர்ந்தால் நெஞ்செரிச்சல் என்று கல்யாணமான நாளிலிருந்து மோர்க்குழம்பு கேட்ட மனிதர், திங்கள் வத்தக்குழம்பு, செவ்வாய் புளிக்குழம்பு, புதன் புளியோதரை என்று தானே பட்டியல் போடுகிறார். ராத்திரி நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. நேற்று விளக்குத் தேய்க்க எனக்கு ஒரு பிடி சக்கை தர மறுத்துவிட்டார். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, "அதையும் எறிந்துவிடாதே" என்கிறார்.