வேன் ஸ்டிக்கரை உரிக்கும் வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய வேன் வாங்கினால் முந்தின முதலாளியின் ஸ்டிக்கர்களும் சேர்ந்தே வரும். மாமா கொடுத்த வேனில் கதவு நிறைய கேட்டரிங் விளம்பரம், பின்னால் பெரிய வேல். எல்லாம் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்தன.

முடி காய வைக்கும் டிரையரே போதும். ஹீட் கன்னை நான் தொடுவதில்லை. ஒரே இடத்தில் காட்டினால் பெயிண்ட் கொப்பளிக்கும். கை பொறுக்கும் சூட்டிலேயே பசை இளகிவிடும். ஓரத்தை நகத்தால் தூக்கி, பின்பக்கமாக மடித்து, பெயிண்டை ஒட்டினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். வராத துண்டுக்குப் பிளாஸ்டிக் கார்டு. பிளேடு வேண்டவே வேண்டாம்.

மறுபெயிண்ட் அடித்த கதவு என்றால் கூடுதல் கவனம் தேவை. ஸ்டிக்கரோடு பெயிண்டும் உரிந்து வரலாம். மிச்சப் பசைக்குத் தின்னர் ஊற்றச் சொல்லும் அண்ணன்மார் நம் ஊரில் ஏராளம். அது மறுபெயிண்டையே கரைத்துவிடும். டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரே எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டுத் துடைத்தால் பசை வந்துவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர்.

உரித்த வேல் ஸ்டிக்கரைக் குப்பையில் போடக் கூடாது, ஆற்றில் விடு என்றார் அம்மா. பிளாஸ்டிக்கை ஆற்றிலா? அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

எழுத்து போனாலும் அதன் நிழல் நிற்கும். ஸ்டிக்கர் மூடிய இடம் வெளுக்காமல் இருப்பதுதான் காரணம். சுற்றிலும் பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும். என் கதவில் ‘கேட்டரிங்’ இன்னும் லேசாகத் தெரிகிறது; கல்யாண ஆர்டர் கேட்டு ஒருவர் நிறுத்தியேவிட்டார்.