கல் உடைந்த பிறகு வழி அடைத்தால்

உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துச் சிறுநீரகக் கல் உடைந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தூளும் துண்டும் இறங்கிவர வேண்டிய சிறுநீர்க்குழாயின் உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் இன்னும் குறுகல். அங்கே 5 மி.மீ. துண்டு ஒன்று மாட்டினால் பின்னால் வரும் தூளெல்லாம் வரிசைகட்டி நின்றுவிடும். இதற்கு மருத்துவத்தில் ‘ஸ்டைன்ஸ்ட்ராஸ’ என்று பெயர். ஜெர்மனில் கல் தெரு. 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லை உடைத்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

எக்ஸ்ரே எடுத்ததும் வரிசையின் நீளத்தைக் கண்டு பயப்படாமல், முன்னால் நிற்கும் துண்டு எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். வெறும் தூளாக இருந்து, காய்ச்சல் இல்லாமல், வலியும் தாங்கும்படி இருந்தால் பெரும்பாலும் தானாக இறங்கும். குழாயின் தசை தளர டாம்சுலோசின் 0.4 மி.கி. தருவார்கள். அதனால் தலைசுற்றல் வரலாம். படுக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும். டைக்ளோஃபெனாக் வலியை நன்றாகவே அடக்கும், ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்தால் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். கேட்காமல் போடக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் அடைப்புக்கு மேலே அழுத்தம்தான் ஏறும். நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். சிறுநீரை வடிகட்டித் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் கல்லின் வகையைப் பரிசோதிக்கலாம்.

பலர் ஏமாறுவது வலி நின்றதும்தான். அடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் அடங்கி, சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிச் செயலிழக்கக்கூடும். வலி போனாலும் சொன்ன தேதியில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தே ஆக வேண்டும்.

குளிர்நடுக்கத்தோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. முதுகு வழியாகக் குழாய் போட்டோ, சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ சிறுநீரை வடித்துவிடுவார்கள். கிருமி அடங்கிய பிறகே கல்லைத் தொடுவார்கள். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்குச் சிறுநீர் நின்றுபோனாலும் இதே அவசரம்தான்.

சில வாரங்களாகியும் நகராவிட்டால் உள்நோக்கிக் கருவியை (எண்டோஸ்கோப்) உள்ளே விட்டு லேசரால் உடைப்பார்கள், அல்லது முன்துண்டுக்கு மறுபடி அதிர்வலை கொடுப்பார்கள். அது நொறுங்கினால் பின்னால் நின்றவை பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஸ்டென்ட் இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும், கழிக்கும்போது விலாவில் இழுக்கும், லேசாக ரத்தம் தெரியும். ஆனால் அதை எடுக்கும் தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து, எடுப்பதே தனி அறுவை சிகிச்சையாகிவிடும்.