அலெக் கின்னஸ்: பார்த்ததும் குறித்ததும்

ஜூன் 7
'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' (1949). பிரபுப் பட்டத்துக்காக ஒருவன் தன் உறவினர்களை ஒழித்துக்கட்டப் பார்க்கும் கதை. வழியில் நிற்கும் எட்டுப் பேருமே பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ்தான், அவர்களில் ஒரு சீமாட்டியும் உண்டு. தேவாலயக் காட்சியில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். காமிராவை அசையாமல் பூட்டிவைத்து, லென்ஸின் பகுதிகளை மாற்றி மாற்றி மறைத்து, ஒரே பிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். இரவில் யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் காமிராவின் அருகிலேயே படுத்துத் தூங்கினாராம். எல்லோரும் ஒப்பனையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது, அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட நம்மைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சாததுதான்.

ஜூன் 9
1914இல் லண்டனில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லை. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதியிருக்கிறார். பிறகு மேடை. புகழ்பெற்ற மேடை நடிகர் ஜான் கீல்குட் கைதூக்கிவிட்டார். போரில் கடற்படை, 1943இல் சிசிலிப் படையெடுப்பின்போது தரையிறங்கு படகு ஒன்றை நடத்தினார். 'தந்தை யாரென்று தெரியாதவர், அதனால் முகமூடிகளுக்குள் ஒளிந்தார்' என்று எழுதுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தந்தையை அறியாத எல்லோரும் நடிகர்களாகிவிடுவதில்லையே.

ஜூன் 14
'ஆலிவர் ட்விஸ்ட்' (1948). டிக்கன்ஸ் நாவலின் யூதத் திருடர் தலைவன் ஃபேகின் வேடத்துக்கு இவர் பொருந்துவார் என்று இயக்குநர் டேவிட் லீன் நம்பவில்லை. ஒப்பனையோடு வந்து நின்று சம்மதிக்கவைத்தார். அந்தப் பெரிய மூக்கைப் பார்த்து யூதர்கள் கொதித்தார்கள். யூத இனப்படுகொலை முடிந்து மூன்றே ஆண்டுகள். அமெரிக்காவில் 1951இல்தான், அதுவும் வெட்டுகளோடு, திரைக்கு வந்தது. பழைய நாவலின் ஓவியங்களைப் பார்த்துச் செய்த மூக்கு என்ற சமாதானம் போதாது. நடிப்பு அபாரம் என்பதும் அதற்குப் பதிலாகாது.

ஜூன் 15
'தி லேடிகில்லர்ஸ்' (1955). கின்னஸ் மாட்டிக்கொண்ட அந்தப் பொய்ப் பற்களுக்கே தனி விருது தரலாம்.

ஜூன் 21
'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதை. படத்துக்காகப் பாலம் கட்டியது இலங்கையின் கித்துள்கலையில், களனி ஆற்றின் மேல். தகரக் கொட்டடியிலிருந்து விடுபட்டு, கின்னஸ் நடிக்கும் கைதிகளின் தலைவர் கர்னல் நிக்கல்சன் தள்ளாடி நடந்து வரும் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இளம்பிள்ளை வாதத்திலிருந்து தேறிவந்த தன் மகனின் நடையைத்தான் அங்கே நடந்து காட்டியிருக்கிறார். கால்கள் துவள்கின்றன, முதுகு மட்டும் வளைய மறுக்கிறது. வீம்பையும் வீரத்தையும் பிரித்தறிய முடியாத மனிதன் அவன். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இதற்குத்தான். படப்பிடிப்பு முழுக்க லீனோடு சண்டை.

ஆனால் போரின்போது ஜப்பானியர் போட்ட அந்தச் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே அதிகம் செத்தார்கள். படம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. இது கின்னஸின் குற்றமில்லை. ஆனாலும் கைதிகள் சீட்டியடித்தபடி அணிவகுத்து வரும்போது என்னால் உடன் சேர்ந்து உற்சாகப்பட முடியவில்லை.

ஜூன் 24
'ஸ்டார் வார்ஸ்' (1977) அவரைச் செல்வந்தராக்கியது, எரிச்சலும் ஊட்டியது. நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டதாகப் பெருமையடித்த சிறுவனிடம், இனிமேல் பார்க்காதே என்று கேட்டுக்கொண்டாராம். பையன் அழுதுவிட்டான். நான் கிழவர் பக்கம்தான்.

ஜூன் 28
'எ பேசேஜ் டு இந்தியா' (1984). தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு இந்தியப் பேராசிரியர் காட்போலே. சகிக்கவில்லை. அவர் பயின்று ஆடிய நடனத்தின் பெரும்பகுதியை லீன் வெட்டிவிட்டார். மிஞ்சியதைப் பார்த்தால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை.

ஜூலை 2
பிபிசி தொடர் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1979). உளவாளி ஸ்மைலி. இதற்காக பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதிய உணவுக்குப் போய், அவரைக் கவனித்து வந்திருக்கிறார். மூக்கு இல்லை, பல் இல்லை, சாயம் இல்லை. ஒரு கண்ணாடியும் மேலங்கியும் மட்டும். எதிரே இருப்பவர் பேசுகிறார், இவர் கேட்கிறார். நான் பேசுபவரைப் பார்க்கவே இல்லை. மீதிப் பகுதிகள் நாளைக்கு.