எஃப் 4 தட்டினேன், மாலை விழுந்தது

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. கீழே மளிகைக்கடை. மேலே ஜன்னலோரக் கணினியில் 17 வருஷமாகப் படங்களுக்கு நான் எடிட்டிங் பார்க்கிறேன். கல்யாணம், சடங்கு, தைப்பூசக் காவடி, பாஸ்போர்ட் சைஸ் படம் என்று எல்லாமே வரும். ஆனால் நான் ஆசையோடு உட்கார்வது பழைய படங்களுக்குத்தான். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுச் சுவரில் 40, 50 வருஷம் தொங்கி, ஓட்டை வழி ஒழுகிய மழையில் ஊறி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்கள். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, அழித்துச் செம்பனை போட்டு, லயங்களைக் காலி செய்து, ஜனங்கள் டாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபோனபோது இந்த மாதிரிப் படங்கள் மூட்டையாகவே வந்திருக்கின்றன.

போன வருஷம் ஆவணி முகூர்த்த நேரம். ஆல்பத்தில் மணமக்கள் பெயரைத் தமிழில் அடித்தால் ஒவ்வோர் எழுத்தும் ஆற அமர வந்து உட்கார்ந்தது. ஈப்போவில் இதே வேலை பார்க்கும் ஒருவரைக் கைப்பேசியில் கேட்டேன். "போட்டோஷாப்பைத் திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூணையும் சேர்த்துப் பிடிங்கக்கா. செட்டிங்ஸை அழிக்கவான்னு கேட்கும், ஆமான்னு போடுங்க" என்றார். போட்டேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை. கேட்டுவிட்டுத்தான் அழித்தது.

அப்படியும் அந்த மந்தம் தீரவில்லை. கண்ட இடத்திலிருந்து இறக்கி வைத்த தமிழ் எழுத்துருக்கள் 600க்கு மேல் சேர்ந்துபோனதுதான் காரணம் என்று மறுவாரம் தெரிந்தது. அவற்றைத் தூக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் எந்தச் சாவியைத் தட்டினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்று நானே மாற்றி வைத்திருந்த ஷார்ட்கட்டுகள் எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

அது எனக்கு உடனே உறைக்கவில்லை. செட்டிங்ஸை அழித்த அன்று பத்து மணிக்கு ஒரு பாட்டி, பேரனோடு மாடியேறி வந்து எதிரில் உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரரின் வாலிப வயசுப் படம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே தோட்டம் வாங்குவதற்காக 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய சமயம் எடுத்ததாம். சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே, பாட்டி அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாரா என்ன. நான் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். சட்டைப் பகுதியில் பூஞ்சைப் புள்ளிகள் நிறைய. புள்ளிகளை மறைக்கும் டஸ்ட் அண்ட் ஸ்கிராட்சஸ் ஃபில்டரைப் போடலாம் என்று எஃப் 4 தட்டினேன்.

தாத்தாவின் நெஞ்சில் ஒரு ரோஜா மாலை வந்து விழுந்தது.

அரை மணி நேரத்துக்கு முன் கல்யாண ஆல்பத்திலிருந்து காப்பி செய்த மாலை அது. விண்டோஸில் போட்டோஷாப்பின் சொந்த ஏற்பாட்டில் எஃப் 2 வெட்டும், எஃப் 3 காப்பி எடுக்கும், எஃப் 4 ஒட்டும். அந்த மூன்றையும் எப்போதோ பிடுங்கி என் ஃபில்டர்களுக்குக் கொடுத்துவிட்டதால், அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பாட்டி திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மனுசன் வீட்டுல உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடிச்சிக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள மாலையப் போடுறியே!" பேரன் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மாலையாவது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் நடந்தது இன்னொன்று. ஒரு புள்ளியைத் துடைத்ததும் கண்ட்ரோல் இசட்டை இரண்டு தட்டு தட்டுவது என் பழக்கம். முதல் தட்டில் பழைய நிலை தெரியும், அடுத்த தட்டில் துடைத்தது திரும்ப வரும், வித்தியாசம் பார்த்துக்கொள்ளலாம். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் அதை மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து தட்டத் தட்டப் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். நான் அப்போதே பழைய முறைக்குத் திருப்பி வைத்திருந்தேன், செட்டிங்ஸை அழித்த ரீசெட்டில் அதுவும் போய்விட்டது. ஒவ்வொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இரண்டு துடைப்புகளை நானே அழித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சைக்கிள் மணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைப் புள்ளியை மூன்று தடவை துடைத்தேன். மூன்று தடவையும் அங்கேயே வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

பாட்டியை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். என்னென்ன மாற்றி வைத்திருந்தேன்? ஐந்து நினைவுக்கு வந்தன. ஆறாவது வரவில்லை. மெனுக்களை மேலிருந்து கீழாகப் படித்தால் எல்லாவற்றையுமே மாற்றியிருப்பேன் போலத் தோன்றியது. தினமும் 200 தடவை தட்டுகிற சாவி எதுவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று கேட்டால், "கத்தியக் கையில எடுத்தாத்தான் தெரியும்" என்பார். அந்தக் கத்தியை யாருக்கும் இரவல் தரமாட்டார், அப்பாவுக்குக்கூட. அந்த ஞாபகம் வந்துதான் பெட்டியை மூடினேன். மளிகைக்கடை நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தாத்தாவின் படத்தையே மறுபடி எடுத்து வேலை பார்க்க ஆரம்பித்தேன். விரல் தானாக ஒரு சாவிக்குப் போகும், வேறெதாவது நடக்கும். உடனே, அந்த விரல் எதை எதிர்பார்த்தது என்று எழுதிக்கொள்வேன். எஃப் 2 மங்கலாக்கும் காஸியன் பிளர். எஃப் 3 கூர்மையாக்க உதவும் ஹை பாஸ். இடது கைச் சுண்டுவிரல் கண்ட்ரோலில் நிற்க, ஆள்காட்டி விரல் எதையோ தேடி எட்டியது. படத்தைக் கிடைமட்டமாகத் திருப்புவதற்கு. முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கோணல் பளிச்சென்று தெரியும் என்பதற்காக வைத்தது. பெட்டி முன்னால் ஒரு மணி நேரம் யோசித்தும் வராதது அது.

சாயங்காலத்துக்குள் தாளில் 14 சேர்ந்தன.

அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டியில் சம்மரைஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் எல்லா ஷார்ட்கட்டையும் பட்டியலாக்கி, பிரவுசரில் திறக்கும் கோப்பாகத் தரும். முன்பு எங்களிடம் வேலை பழகிய பெண்ணுக்கு அப்படி ஒன்றை அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். அவள் இப்போது கோலகங்சாரில். வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இருக்குக்கா, அரிசி டப்பாவுக்கு அடியில" என்று படம் எடுத்து அனுப்பினாள்.

அதில் நான் மாற்றியவை 41. என் விரல் கேட்டது 14. மீதி 27ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல எதற்கென்றே புரியவில்லை. சில புரிந்தன, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முகத்தை வெளுப்பாக்க மட்டும் மூன்று வைத்திருந்தேன். ஒரு காலத்தில் மணப்பெண் முகத்தை மாவு பூசியதுபோல் ஆக்கித் தந்தால்தான் முதலாளி அண்ணன் ஆல்பத்தை வெளியே விடுவார், பெண் வீட்டாரும் அதைத்தான் கேட்டார்கள். இப்போது, "எங்க கலர்லயே விடுங்கக்கா" என்று சொல்லும் பெண்கள் வருகிறார்கள். அந்த மூன்றையும் திரும்ப வைக்கவில்லை.

14ஐ வைத்துவிட்டு, பெட்டியிலேயே மேலே இருக்கும் 'யூஸ் லெகசி அன்டூ' கட்டத்தில் டிக் போட்டு, மென்பொருளை மூடித் திறந்தேன். கண்ட்ரோல் இசட் பழையபடி போய் வந்தது. இத்தனை வருஷமாக நான் செய்யாத ஒரு வேலையும் பாக்கி இருந்தது. மாற்றியதை மாற்றியபடியே விட்டால், பட்டியலின் பெயரில் 'மாடிஃபைட்' என்று மட்டும் நிற்கும். அடுத்த தடவை திறக்கும்போதும் அப்படியே இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் அது செட்டிங்ஸோடு சேர்ந்து கிடப்பது, ரீசெட் செய்தால் கூடவே போய்விடும். பக்கத்தில் இருக்கும் டிஸ்க் படத்தை அமுக்கிப் பெயர் கொடுத்தால்தான் கேஒய்எஸ் என்று முடியும் தனிக் கோப்பு உண்டாகும். அதைப் பென்டிரைவில் ஒன்று, என் மின்னஞ்சலில் ஒன்று என்று போட்டு வைத்தேன்.

மறுநாள் பாட்டியோடு தாத்தாவும் வந்தார். மாடிப்படி ஏற முடியாமல் கீழே மளிகைக்கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார், நான்தான் படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சைக்கிள் என்னோடது இல்ல, கிராணியோடது" என்று தோட்டத்துக் கணக்கரைச் சொன்னார். பாட்டிக்கே அது புதுச் செய்தி.

இப்போது உதவிக்கு இருக்கும் தம்பிக்கு எஃப் 4 ஒட்டத்தான் வேண்டுமாம். அவன் பெயரில் தனி செட் சேமித்துக் கொடுத்திருக்கிறேன். அவன் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தால், பட்டியலில் யார் பெயர் நிற்கிறது என்று பார்த்த பிறகே சாவியில் கை வைக்கிறேன்.