பெரியம்மா பேரும் வேதத்தில் இல்லை

போன ஞாயிறு மார்த்தாண்டத்தில் அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். ஜெபின் என்று பேர். பந்தியில் மெடில்டா பெரியம்மா ஆரம்பித்துவிட்டார், இப்போ எல்லாரும் வேதத்தில் இல்லாத பேராக வைக்கிறார்களாம். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ராபர்ட், எட்வின், வில்பிரட், ஆல்பர்ட் யார் பேரும் வேதத்தில் கிடையாது, பெரியம்மா பேரும்தான். சொன்னேன், முறைத்தார்.

எல்லாமே பழைய ஜெர்மானியப் பேர்கள், வெள்ளைக்காரர் காலத்தில் நம்ம பக்கம் வந்து ஒட்டிக்கொண்டவை. 1806ல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரின் குடும்பப் பேருக்கே ஜெர்மனில் காட்டுப்புறா என்றுதான் அர்த்தம்.

இந்தப் பேர்களில் பெரும்பாலானவை இரண்டு சொல்லை ஒட்டிச் செய்தவை. ராபர்ட் என்றால் புகழும் ஒளியும், ஆல்பர்ட் என்றால் உயர்குடியும் ஒளியும், அந்த 'பர்ட்'தான் ஒளி. 'வின்' என்றால் நண்பன், எட்வினில் முன்னால் இருப்பது செல்வம், அப்படிப் பார்த்தால் எட்வினைத் தமிழாக்கினால் நம்ம ஊர் செல்வின் வந்து நிற்பார்! மெடில்டா என்றால் வலிமை, போர். வடக்கே ஸ்காண்டிநேவியாவில் பழைய நார்ஸ்காரர்களிடம் தோர்ஸ்டெய்ன் உண்டு, தோர் என்ற இடிக்கடவுளும் கல்லும் சேர்ந்தது. குன்ஹில்ட் என்றொரு பெண் பேர், இரண்டு பாதிக்கும் போர் என்றே அர்த்தம், போர்ப்போர் என்று மகளைக் கூப்பிடுவது மாதிரி. அதனால் முழுப் பேருக்கும் ஒரு வாக்கியம் போல அர்த்தம் தேடுவது பல நேரம் வீண்வேலை, குடும்பத்தில் இருக்கிற சொல்லைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் அவர்களுக்கு முக்கியம். இங்கிலாந்தில் வுல்ஃப்ஸ்டன் என்றொரு பிஷப், 1095ல் இறந்தவர். அப்பா அதெல்ஸ்டன், அம்மா வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து ஓநாய், அப்பாவிடமிருந்து கல், பிள்ளைக்குப் பேர் தயார்.

நம்ம ஜெபினும் அப்படித்தானே? அம்மா ஜெபா, அப்பா பினோ.

இதை அப்படியே பெரியம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "ஓநாயும் கல்லுமா ஒரு பிஷப்புக்குப் பேரு?" என்றவர், அப்புறம் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே மெதுவாக, "எனக்க பேருக்கு என்னன்னு சொன்ன மக்கா, இன்னொருக்கச் சொல்லு" என்றார்.